மூடிய அறையில் வாயுக் கணப்பு

கொச்சியில் வசிப்பவர்களுக்கு வீட்டைச் சூடாக்கிக் கொள்ளும் அவசியம் ஏற்படுவதே இல்லை. ஜனவரி மாதத்து அதிகாலையிலும் அங்கே வெப்பநிலை 22 அல்லது 23 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மட்டாஞ்சேரியின் பழைய ஓட்டு வீடுகள் வெப்பத்தை வெளியேற்றுவதற்கென்று கட்டப்பட்டவையே அன்றி, அதைச் சேமித்து வைப்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. உப்பங்கழிக்கு அப்பால் எறணாகுளத்துப் பிராட்வே கடைத்தெருவில் மின்விசிறிக்கு ஆண்டு முழுவதும் கிராக்கி உண்டு. அறையைச் சூடாக்கும் கணப்பைத் தேடி அங்கு வருவோர் மிகச் சிலரே. ஆயினும், வாயுக் கணப்பின் இயல்பை அவசியம் அறிந்திருக்க வேண்டியவர்கள் யார் என்று கேட்டால், கொச்சியையும் அதைப் போன்ற வெப்பமான கடலோர நகரங்களையும் சேர்ந்தவர்களையே முதலில் குறிப்பிட வேண்டியிருக்கிறது. குளிர்ப் பிரதேசத்தார் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொண்ட எச்சரிக்கை இவர்களிடம் இல்லை. கணப்பை இவர்கள் முதன்முதலாகச் சந்திப்பது பெரும்பாலும் மலைப்பிரதேசத்து விடுதியொன்றில், பயணக் களைப்புடன், படுக்கப் போகும் நேரத்தில்தான்.

2020-ஆம் ஆண்டு ஜனவரியில் நிகழ்ந்த துயரச் சம்பவம் இதற்குச் சான்று. கேரளத்தைச் சேர்ந்த பதினைந்து பேர் அடங்கிய சுற்றுலாக் குழு ஒன்று நேபாளத்தில் பொக்காராவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், மக்வான்பூர் மாவட்டத்துத் தாமன் என்னும் ஊரில் இரவு தங்கியது. தாமன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர் கடுமையாக இருந்தமையால் குழுவினரில் எட்டுப் பேர் ஓர் அறையில் வாயுக் கணப்பை எரியவிட்டு, கதவையும் ஜன்னல்களையும் அடைத்துக்கொண்டு உறங்கினர். மறுநாள், ஜனவரி 21 காலையில், அவர்கள் நினைவற்ற நிலையில் காணப்பட்டனர். ஹெலிகாப்டர் மூலம் காத்மாண்டு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டும் ஒருவரையும் காப்பாற்ற இயலவில்லை. இறந்தவர்களில் நால்வர் குழந்தைகள். தீ விபத்து நேரவில்லை, சிலிண்டர் வெடிக்கவுமில்லை. வெதுவெதுப்பான அறையில் உறங்கியவர்கள் விழிக்கவில்லை, அவ்வளவுதான்.

இச்சாதனத்தின் அமைப்பு எளியது. சக்கரம் பொருத்திய ஒரு தகரப் பெட்டி. அதன் பின்புறத்தில் நாம் சமையலறையில் உபயோகிக்கும் அதே திரவ எரிவாயுச் சிலிண்டர். முன்புறத்தில் நுண்ணிய துளைகள் நிறைந்த பீங்கான் தகடுகள், சாதாரணமாக மூன்று. வாயு இத்துளைகளின் வழியே வந்து தகட்டின் மேற்பரப்பில் எரிகிறது. தகடு சிவக்கக் கனன்று வெப்பத்தை வீசுகிறது. புகைபோக்கி கிடையாது. இடம் விட்டு இடம் உருட்டிச் செல்லலாம் என்ற வசதிக்காகத்தான் புகைபோக்கி விலக்கப்பட்டது. அந்த வசதியின் விலை என்னவென்றால், எரிதலில் உண்டாகும் கழிவுகள் யாவும் அறைக்குள்ளேயே, அதாவது அங்கே உறங்குபவரின் சுவாசத்திலேயே வந்து சேருகின்றன.

கணக்கிட்டுப் பார்ப்போம். மூன்று தகடுகளும் எரியும்போது இத்தகைய கணப்பு சுமார் 4 கிலோவாட் வெப்பம் தரும். அதற்கு மணிக்கு ஏறத்தாழ 300 கிராம் வாயு செலவாகும். ஒரு கிலோகிராம் எரிவாயு முழுமையாக எரிய 3.6 கிலோகிராம் பிராணவாயு தேவை. ஆகவே கணப்பு மணிக்கு ஒரு கிலோகிராமுக்குச் சற்று மிகுதியான பிராணவாயுவை உட்கொள்கிறது. உறங்கும் மனிதர் ஒருவர் மணிக்குச் சுமார் 15 லிட்டர் பிராணவாயுவைச் செலவிடுகிறார் என்று கொண்டால், ஒரு கணப்பு ஐம்பது பேருக்குச் சமானமாகச் சுவாசிக்கிறது. மூன்று மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் நீளமும் உள்ள சாதாரண விடுதி அறை ஒன்றில் ஐம்பது பேரைப் படுக்கவைத்துக் கதவைச் சாத்த எவரும் துணியமாட்டார். கணப்பை வைத்துச் சாத்துவதில் மட்டும் நமக்குத் தயக்கம் உண்டாவதில்லை. காற்று சிறிதும் புகாத அறையாயின், 21 சதவீதமாக இருந்த பிராணவாயு ஒரு மணி நேரத்தில் சுமார் பதினெட்டரை சதவீதமாகக் குறைந்துவிடும். கதவிடுக்கு, ஜன்னல் இடுக்கு வழியே சிறிது காற்று எப்போதும் வந்துகொண்டிருப்பதால் நடைமுறையில் இந்தக் குறைவு இத்தனை வேகமாக நிகழாது. ஆனால் பழைய ஓட்டு வீட்டிலும் பலகை வீட்டிலும் இருந்த இடுக்குகள், கண்ணாடி ஜன்னல் இறுகப் பொருந்திய இக்கால விடுதி அறையில் இல்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

எரிதலின் மற்றொரு விளைவு நீராவி. 300 கிராம் வாயு எரிந்தால் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான நீர் உண்டாகிறது. கணப்பு எரியும் அறையின் ஜன்னல் கண்ணாடியில் நீர் முத்து முத்தாகப் பூத்து வடிவதைக் கண்டு, அதைக் குளிரின் அடையாளம் என்று பலர் எண்ணுகின்றனர். அந்நீரின் பெரும்பகுதி கணப்பிலிருந்தே வந்தது. அதே கணப்பிலிருந்து வந்த பிற வாயுக்கள் கண்ணாடியில் படிவதில்லை. நீர் வடிவதைக் கண்டதும் ஜன்னலைச் சிறிது திறந்துவிடுவது புத்திசாலித்தனம்.

பிராணவாயு போதுமான அளவில் கிடைக்கும்வரை எரிவாயுவின் கரி முழுவதும் கரியமில வாயுவாக மாறுகிறது. அது குறையத் தொடங்கியதும், ஏறக்குறைய 18 சதவீதத்துக்குக் கீழே, எரிதல் அரைகுறையாகிறது. கரியின் ஒரு பகுதி கரியமில வாயுவாக மாறாமல் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வேறொரு வாயுவாக நின்றுவிடுகிறது. தகட்டின் துளைகளில் தூசியும் நூலும் அடைத்திருந்தால், அறையில் காற்று நிறைய இருக்கும்போதே இவ்வாயு உண்டாகலாம். தாமன் போன்ற உயரமான இடங்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்து அழுத்தத்தில் முக்கால் பங்குதான். ஆகவே அதே கொள்ளளவுள்ள அறையில் இருக்கும் பிராணவாயுவும் எடையில் முக்கால் பங்கே.

கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. சமையல் வாயு கசிந்தால் துர்நாற்றத்தால் அறிகிறோமே என்று சிலர் கேட்கலாம். அந்நாற்றம் வாயுவின் இயற்கைக் குணமன்று. கசிவை உணர்த்துவதற்காக மெர்காப்டன் என்னும் பொருளை ஆலையில் வேண்டுமென்றே கலக்கின்றனர். வாயு எரியும்போது அதுவும் எரிந்துவிடுகிறது. மேலும், கசிந்த எரிவாயு காற்றினும் கனமானது, தரையில் தேங்கும். கார்பன் மோனாக்ஸைடோ காற்றைவிடச் சற்றே லேசானது. அறை முழுவதும் பரவி நிற்கும். கட்டிலில் படுத்தால் தப்பலாம், தரையில் படுத்தால் தப்பலாம் என்ற யோசனைகளுக்கு இங்கே இடமில்லை.

இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைச் சுமந்து செல்வதை வாசகர்கள் அறிவார்கள். அதே ஹீமோகுளோபினுடன் கார்பன் மோனாக்ஸைடு பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேற்பட்ட பற்றுடன் இணைகிறது. ஆகையால் காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்ஸைடு இருந்தாலே போதும். அதைப் பல மணி நேரம் சுவாசிப்பவரின் ஹீமோகுளோபினில் சுமார் பாதி அதனால் பிடிக்கப்பட்டுவிடும். பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் இவ்வாயுவைத் தாமே சுவாசித்துத் தம் உடலில் தோன்றிய குறிகளைக் குறித்துவைத்து, 1895-இல் ஆய்வுரையாக வெளியிட்டார். சுரங்கங்களில் சிறு பறவைகளை எச்சரிக்கைக்காக வைத்திருக்கும் வழக்கம் அவர் யோசனையின் பேரில் ஏற்பட்டது. பிரிட்டனில் 1986 வரை அது நீடித்தது. (1957-இல் இந்தியாவில் குடியேறி 1964-இல் புவனேசுவரத்தில் காலமான உயிரியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன் இவருடைய புதல்வர்.)

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கூறவேண்டும். இத்தகைய மரணங்களைப் பத்திரிகைகள் 'மூச்சுத் திணறி இறந்தனர்' என்றே எழுதுகின்றன. படிப்பவர், மூச்சுத் திணறினால் நாம் விழித்துக்கொள்வோமே என்று எண்ணித் தைரியம் கொள்கிறார். உண்மையில் திணறல் இராது. சுவாசிக்கும் வேகத்தை உடல் நிர்ணயிப்பது பெரும்பாலும் இரத்தத்திலுள்ள கரியமில வாயுவைக் கொண்டும், ஓரளவு இரத்த நீரில் கரைந்துள்ள பிராணவாயுவின் அழுத்தத்தைக் கொண்டுமே ஆகும். கார்பன் மோனாக்ஸைடு இவ்விரண்டையும் மாற்றாமல் ஹீமோகுளோபினை மட்டும் கைப்பற்றுகிறது. அபாயத்தை அறிவிக்கும் மணி அடிப்பதே இல்லை. மூடிய அறையில் கரியமில வாயுவும் பெருகுவதால் தலை கனத்து மூச்சு ஆழமாகலாம். உறங்குபவர் அதனால் விழிப்பார் என்பது நிச்சயமன்று. விழித்திருப்பவருக்கோ முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு கால்களில் பலவீனம். உட்கார்ந்திருக்கும்வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. எழுந்து கதவை நோக்கி நடக்க முற்படும்போதே விழுந்துவிடுவர்.

சமையலறையில் தினமும் இதே வாயுவை எரிக்கிறோம், ஒன்றும் நேரவில்லையே என்பது நியாயமான கேள்வி. சமையலறையில் ஜன்னல் திறந்திருக்கிறது. அடுப்பு ஒரு மணி, இரண்டு மணி நேரமே எரிகிறது. எரியும்போது பக்கத்தில் ஒருவர் விழித்திருக்கிறார். ஜுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளானால், பாத்திரத்தின் அடியில் கரி பிடிப்பதைக் கொண்டு அவர் கண்டுபிடித்துவிடுகிறார். கரி பிடிப்பது எரிதல் அரைகுறையாக இருப்பதன் அறிகுறி. கணப்பிலோ பாத்திரமும் இல்லை, விழித்திருப்பவரும் இல்லை.

தரமான கணப்புகளில் ஒரு பாதுகாப்புச் சாதனம் உண்டு. பிரதான ஜுவாலைக்கு அருகில் ஒரு சிறு ஜுவாலை எப்போதும் எரிந்து, இரு வேறு உலோகக் கம்பிகள் சேர்ந்த முனையைச் சூடாக்குகிறது. அச்சூட்டினால் உண்டாகும் சிறு மின்சாரம் ஒரு மின்காந்தத்தின் மூலம் வாயுக் குழாயின் அடைப்பைத் திறந்து வைத்திருக்கிறது. பிராணவாயு சுமார் 18 சதவீதமாகக் குறைந்தால் சிறு ஜுவாலை நீண்டு, முனையை விட்டு விலகிவிடும். முனை குளிரும், மின்சாரம் நிற்கும், வாயு தானே அடைபடும். அருமையான ஏற்பாடு. ஆனால் அது அளப்பது பிராணவாயுவையே, கார்பன் மோனாக்ஸைடை அன்று. துளைகள் அடைத்த தகடு அந்த வாயுவை வெளியிட்டுக்கொண்டிருந்தால் இச்சாதனம் அதை அறியாது. இந்த ஏற்பாடு இருக்கிறது என்பதற்காகக் கதவை அடைப்பது தவறு. பெட்டிக் கணப்புகளுக்கு ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 25 சதுர சென்டிமீட்டர் வீதம் காற்றுத் திறப்பு, பாதி உயரத்திலும் பாதி தரையருகிலும் வேண்டும் என்றும், படுக்கையறையிலும் குளியலறையிலும் வைக்கக்கூடாது என்றும் ஐரோப்பியத் தயாரிப்பாளர்களின் கையேடுகள் கூறுகின்றன. 4 கிலோவாட் கணப்புக்கு இது 100 சதுர சென்டிமீட்டர்; உள்ளங்கை அகலத் திறப்பு.

கரி நெருப்பு இதனினும் கொடியது. அதில் அரைகுறை எரிதல் விதிவிலக்கன்று, இயல்பே. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் விடுதி அறைக்குள் இறைச்சி சுடும் கரி அடுப்பை வைத்துக்கொண்டு உறங்கிய இளைஞர் இருவர் மாண்டனர். மூணாறு தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழும் நம்மவர் விறகடுப்பருகில் குளிர் காய்வதுண்டு. கூரை இடுக்குகள் அங்கே ஓரளவு காப்பாற்றின. அதே பழக்கத்தைச் சட்டியில் தணலாக அள்ளிக் காங்கிரீட் அறைக்குள் கொண்டுவரலாகாது. புகை அடங்கிய தணல் அபாயமற்றது என்று கருதுவது பெரும்பிழை; புகை கண்ணுக்குத் தெரிகிறது என்பதே அதன் நற்குணம். கடற்கரை ஊர்களில் இதற்கு ஈடான அபாயம், குளியலறைக்குள் மாட்டப்படும் வாயு வெந்நீர்க் கருவி. அது கணப்பைவிடப் பன்மடங்கு வாயுவை, பன்மடங்கு சிறிய அறையில் எரிக்கிறது. அதைக் குளியலறைக்கு வெளியே பொருத்தக் கூடுதலாகச் செலவாவது ஒரு சிறு குழாயே.

ஆகவே மலையூருக்குச் செல்பவர் வாயுக் கணப்பை உபயோகிக்க நேர்ந்தால், படுக்குமுன் ஒரு ஜன்னலைத் திறந்துவைத்து அறையைச் சூடாக்கிக்கொண்டு, படுக்கும்போது கணப்பை அணைத்துவிட வேண்டும். மீதி இரவுக்குக் கம்பளி போதும். மின்சாரக் கணப்பு கிடைக்குமாயின் அதுவே மேல். அதுவும் பிராணவாயுவைக் குடித்துவிடும் என்ற பரவலான நம்பிக்கை ஆதாரமற்றது, ஏனெனில் அதில் எதுவும் எரிவதில்லை. மின்கலத்தால் இயங்கும் கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கைக் கருவி கைக்கு அடக்கமானது. குளிர்நாடுகளுக்குச் செல்லும் குடும்பத்தார் ஒன்றை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். புகையறியும் கருவி வேறு, இது வேறு.

ஒரே அறையில் இருக்கும் பலருக்கும் ஒரே சமயத்தில் தலைவலியும் குமட்டலும் கண்டால், விடுதிச் சாப்பாட்டைக் குறை கூறுமுன் கணப்பைச் சந்தேகிக்க வேண்டும். எல்லோரையும் வெளிக்காற்றுக்கு அப்புறப்படுத்தி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்; அறையில் கணப்பு எரிந்தது என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். கொரோனாக் காலத்தில் வீடுதோறும் பழக்கமான, விரல் நுனியில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை இதில் நம்பக்கூடாது. கார்பன் மோனாக்ஸைடு ஏறிய ஹீமோகுளோபினையும் அது பிராணவாயு ஏறியதாகவே எண்ணி 98, 99 என்று காட்டும். உண்மையை அறிய இரத்தப் பரிசோதனை தேவை. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்திலுள்ள நச்சு பாதியாகக் குறைய நான்கு ஐந்து மணி நேரமாகும். முகமூடி வழியே சுத்தப் பிராணவாயு கொடுத்தால் ஒன்றேகால் மணி நேரம் அளவில் குறையும். தெளிந்து வீடு திரும்பியவருக்கும் சில நாட்களோ சில வாரங்களோ கழித்து ஞாபக மறதியும் நடையில் தடுமாற்றமும் தோன்றுவதுண்டு. அப்போது அதை வேறு நோய் என்று கருதாமல், முன்பு நேர்ந்ததைக் கூறி மீண்டும் மருத்துவரைக் காணவேண்டும்.