மது போதை விபத்துகள்: இரத்தப் பரிசோதனையில் தாமதம் கூடாதது ஏன்?

புணே: மகாராஷ்டிர மாநிலம் புணே நகரின் கல்யாணி நகரில் 2024 மே 19 அதிகாலை அதிவேகமாக வந்த போர்ஷே கார் மோதியதில், இருசக்கர வாகனத்தில் சென்ற இரு மென்பொருள் பொறியாளர்கள் உயிரிழந்தனர். காரை ஓட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் 17 வயதுச் சிறுவர். மகாராஷ்டிரத்தில் மது அருந்தக் குறைந்தபட்ச வயது 25.

சிறார் நீதி வாரியம் அன்றே பிணை வழங்கி, சாலை விபத்துகள் குறித்து 300 சொற்களில் கட்டுரை எழுதப் பணித்தது நாடெங்கும் விமர்சனத்துக்குள்ளானது. எனினும், இவ்வழக்கில் எழுந்த மற்றொரு முக்கியக் கேள்வி இரத்த மாதிரி தொடர்பானது.

மாற்றப்பட்ட மாதிரி

விபத்து நடந்து பல மணி நேரம் கழித்து, முற்பகல் 11 மணியளவில் சசூன் அரசு மருத்துவமனையில் மாதிரி எடுக்கப்பட்டது. அது குப்பைத் தொட்டியில் வீசப்பட்டு, வேறொருவரின் இரத்தம் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டதாகக் காவல்துறை தெரிவித்தது. மற்றொரு மருத்துவமனையில் எடுக்கப்பட்ட இரண்டாவது மாதிரியுடன் மரபணுவை ஒப்பிட்டபோது இது வெளிப்பட்டது. மருத்துவர்கள் இருவர் கைது செய்யப்பட்டனர்.

சட்டம் கூறுவது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவின்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது குற்றம். முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். கைதானவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்கிறது 202-ஆவது பிரிவு.

குறையும் அளவு

இந்தக் காலக்கெடுவுக்குக் காரணம் உண்டு. இரத்தத்தில் உள்ள ஆல்கஹாலைப் பெரும்பாலும் கல்லீரலே சிதைக்கிறது. அதன் அளவு 100 மில்லிலிட்டருக்கு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் குறையும். விபத்தின்போது 100 மில்லிகிராம், அதாவது வரம்பைப் போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தவரின் இரத்தத்தில், 7 மணி நேரத்துக்குப் பின் அநேகமாக எதுவும் எஞ்சாது. மாதிரியை யாரும் மாற்றாவிட்டாலும், தாமதம் மட்டுமே சாட்சியத்தை அழித்துவிடும்.

விபத்துக்கு வழிவகுப்பது எப்படி?

ஆல்கஹால், தூரத்தையும் வேகத்தையும் கணிக்கும் திறனைப் பாதிக்கிறது. அதேவேளையில் துணிச்சலும் கூடுவதால் ஓட்டுநர் வேகத்தை அதிகரிக்கிறார். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டரைக் கடக்கும். பிரேக்கை அழுத்த அரை விநாடி தாமதித்தாலே, வாகனம் 8 மீட்டருக்கு மேல் முன்னேறிவிடும்.

இந்தியாவில் 2022-இல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தெரிவித்தது. அவற்றுள் பெரும்பாலானவை அதிவேகத்தால் நேர்ந்தவையாகப் பதிவாகின. உரிய நேரத்தில் பரிசோதனை நடைபெறாவிட்டால், போதையால் நேர்ந்த விபத்தும் வெறும் அதிவேக விபத்தாகவே பதிவாகக்கூடும்.

மறுநாள் காலையிலும் கவனம்

காபி அருந்துவதோ குளிர்ந்த நீரில் குளிப்பதோ ஆல்கஹால் குறையும் வேகத்தைக் கூட்டாது. நள்ளிரவில் 150 மில்லிகிராம் அளவில் இருந்தவருக்கு, உறங்கி எழுந்து காலை 7 மணிக்கு வாகனத்தை எடுக்கும்போதும் ஏறத்தாழ 45 மில்லிகிராம் எஞ்சியிருக்கும். தெளிவாக இருப்பதாக அவர் உணர்ந்தாலும், சட்ட வரம்பை அவர் அப்போதும் மீறியவரே.