தறிக்கு ஒரு வாக்கா, ஆளுக்கு ஒரு வாக்கா?

நமது கூட்டுறவு சங்கங்களின் நிர்வாகக் குழுக்களில் பெண்கள் மிகச் சிலராகவே இருப்பதை அங்கத்தினர் யாவரும் அறிவர். அவர்களுக்கு ஆர்வமில்லை, வீட்டு வேலை விடுவதில்லை என்பன வழக்கமாகக் கூறப்படும் காரணங்கள். அவற்றில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் முதற்காரணம் சங்கத்தின் அங்கத்தினர் பதிவேட்டிலேயே இருக்கிறது என்பது என் கருத்து.

ஒரு சேலை நெய்து முடியுமுன் எத்தனை கைகள் பட வேண்டும் என்பதை நெசவாளர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிட்டத்தைப் பிரித்துத் தார் சுற்றுவதும், பாவுக்கு உதவுவதும், அறுந்த இழையைப் பிணைப்பதும் பெரும்பாலும் மனைவியும் மகளும் செய்யும் வேலைகள். பல வீடுகளில் தறியில் அமர்வதும் பெண்ணே. 2019-20ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நெசவாளரும் துணைத் தொழிலாளரும் சுமார் 35 லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு 70க்கு மேற்பட்டோர் பெண்கள். (வடகிழக்கு மாநிலங்களில் நெசவு பெரும்பாலும் பெண்கள் தொழிலாக இருப்பதால் இத்தொகை உயர்ந்தது என்பதையும் மறைக்கலாகாது.) ஆனால் தறி குடும்பத் தலைவர் பெயரில் இருக்கிறது, ஆகவே பங்கும் அவர் பெயரில், கூலியும் அவர் பெயரிலேயே வரவு வைக்கப்படுகிறது.

பயிர் செய்வோர் சங்கங்களில் தறியின் இடத்தைப் பட்டா பெறுகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1989இல் தமிழ்நாட்டிலும், 2005இல் நாடு முழுவதும், குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தரப்பட்டது. எனினும் 2015-16ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பில் சாகுபடிதாரர்களுள் பெண்கள் நூற்றுக்குச் சுமார் 14 பேர்தாம்.

எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கே என்பது கூட்டுறவின் பெருமை. நடைமுறையில் அது தறிக்கு ஒரு வாக்கு, பட்டாவுக்கு ஒரு வாக்கு என்று ஆகிவிடுகிறது. அங்கத்தினர் அல்லாதவர் வாக்களிக்க இயலாது. வாக்கில்லாதவர் தேர்தலில் நிற்கவும் இயலாது. கிராமப் பஞ்சாயத்தில் வயது வந்த ஒவ்வொருவருக்கும் வாக்கு உண்டு. அங்கு 1993 முதல் மூன்றில் ஒரு பங்கும், தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் சரிபாதியும் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. ஆகவே பஞ்சாயத்துத் தலைவராக அமரக்கூடிய பெண்மணி, தாம் நூல் சுற்றித் தரும் சங்கத்தின் மகாசபையில் கைதூக்கக்கூட உரிமையற்றவராக இருக்கலாம்!

சங்கங்களுக்கும் ஒதுக்கீடு வந்ததே என்பர். 2012இல் நடைமுறைக்கு வந்த 97ஆவது அரசியல் சட்டத்திருத்தம் நிர்வாகக் குழுவில் பெண்களுக்கு 2 இடங்கள் வகுத்தது. மாநிலங்களின் ஒப்புதல் பெறாமையால் மாநிலச் சங்கங்களை அது கட்டுப்படுத்தாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நிற்க, அத்திருத்தமேகூட, பெண் அங்கத்தினரை உடைய சங்கங்களுக்கே இவ்விடங்களை வகுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பதிவேட்டில் பெண் இல்லையேல் இடமும் இல்லை. பெயரளவில் ஒருவர் இருந்தால் என்னாகும் என்பதையும் கண்டிருக்கிறேன். ஒரு சங்கத்தில் பெண் உறுப்பினர் ஒருவர் எல்லாக் கூட்டங்களுக்கும் வந்ததாகத் தீர்மானப் புத்தகம் காட்டியது. விசாரித்ததில், புத்தகந்தான் அவர் வீட்டுக்குச் சென்று கையெழுத்துப் பெற்று வந்திருக்கிறது.

இது நமக்கு மட்டும் உரிய தொல்லையன்று. 1844இல் ராச்டேல் நகரில் தோன்றிய முன்னோடிச் சங்கம் பெண்களையும் அங்கத்தினராக ஏற்றது. எனினும் பின்னர் இங்கிலாந்தில் பல சங்கங்கள் வீட்டுக்கு ஒருவரையே சேர்த்தன. அந்த ஒருவர் பெரும்பாலும் கணவர். கடைக்குச் சென்று சாமான் வாங்கியவரோ மனைவி. 1883இல் தொடங்கிய பெண்கள் கூட்டுறவுக் கழகம், ஒரே வீட்டில் எத்தனை பேரும் தத்தம் பெயரில் சேரலாம் என்ற விதிக்காகப் பல ஆண்டுகள் சங்கம் சங்கமாகச் சென்று வாதாடியது. அதன் செயலாளராக நெடுங்காலம் உழைத்த மார்கரெட் லூவெலின் டேவிஸ் அம்மையார் 1922இல் அந்நாட்டுக் கூட்டுறவுக் காங்கிரசுக்குத் தலைமை வகித்த முதற் பெண்மணியானார். பதிவேடு திறந்த பின்னரே மேடையும் திறந்தது.

ஆகவே அங்கத்தினர்கள் முதலில் தங்கள் சங்கத்தின் உபவிதிகளில் அங்கத்தினர் தகுதி பற்றிய விதியைப் படித்துப் பார்க்கவேண்டும். தறி உடையவர் என்று மட்டும் இருப்பின், நெசவிலோ அதன் துணைத் தொழிலிலோ ஈடுபடுவோர் என்று திருத்த மகாசபையில் முன்னறிவிப்புடன் தீர்மானம் கொண்டுவரலாம். பதிவு பெற்ற பின்பே திருத்தம் செல்லும். பெரும்பாலான இடங்களில் விதி தடையன்று, வழக்கமே தடை. அங்கே விண்ணப்பமும் பங்குத்தொகையும் போதும். அவ்விண்ணப்பத்தை அப்பெண்மணியே அலுவலகத்துக்கு வந்து கொடுக்கட்டும். மகாசபையையும் உலை வைக்கும் நேரத்தில் கூட்டாதிருப்பது நலம்.