குயீனே டேப் போட்ட இடம், அமெச்சூர் குழு நேரடியாகப் பாடுகிறது: 'வி வில் ராக் யூ' சின்ன ஊர் மேடைக்கு வருவது எப்படி?

'பொஹீமியன் ராப்சடி' பாட்டின் நடுவில் ஒரு ஓபரா பகுதி வரும். பாட்டைக் கேட்டவர்கள் யாரும் அந்த இடத்தை மறந்திருக்க மாட்டார்கள். 1975-ல் குயீன் இசைக்குழு அதைப் பதிவு செய்தபோது ஃப்ரெடி மெர்க்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர் மூவரும் தங்கள் குரலையே திரும்பத் திரும்பப் பாடி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். பாடியது மூன்று பேர், கேட்பதற்கு ஒரு பெரிய கோரஸ். சரி, இதை மேடையில் எப்படிப் பாடினார்கள்? பாடவில்லை! கச்சேரிகளில் அந்த இடம் வந்ததும் குழுவினர் மேடையை விட்டுப் போய்விடுவார்கள். டேப் ஓடும். ராக் பகுதி ஆரம்பிக்கும்போது திரும்பி வந்துவிடுவார்கள்.

அதே ஓபரா பகுதியை இன்று பிரிட்டனின் சின்னச் சின்ன ஊர்களில் இருபது, முப்பது பேர் சேர்ந்து நேரடியாகப் பாடுகிறார்கள். பகலில் அவர்கள் டீச்சர், நர்ஸ், அக்கவுன்டன்ட். சம்பளம் கிடையாது. சொல்லப்போனால், வருடச் சந்தா கட்டிவிட்டுத்தான் நடிக்கவே வருகிறார்கள்.

இவைதான் அமெச்சூர் நாடகச் சங்கங்கள். பிரிட்டனில் இவற்றுக்கென்று 1899-ல் தொடங்கிய 'நோடா' என்ற தேசிய அமைப்பே இருக்கிறது. அதன் பிரதிநிதிகள் உறுப்பினர் சங்கங்களின் நாடகங்களை நேரில் போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார்கள், விருதும் உண்டு. பல சங்கங்களின் பெயரில் இன்னமும் 'அமெச்சூர் ஓபரேட்டிக் சொசைட்டி' என்று இருக்கும். காரணம், ஒரு காலத்தில் அவர்கள் மேடை முழுக்க கில்பர்ட் - சல்லிவன் இரட்டையரின் 19-ம் நூற்றாண்டு காமெடி ஓபராக்கள்தான். அந்தப் பெயர்ப் பலகையின் கீழ் இப்போது லெதர் ஜாக்கெட்டும் எலெக்ட்ரிக் கிதாரும்!

ஜூக்பாக்ஸ் மியூசிக்கல் என்றால்?

காசு போட்டால் கேட்ட பாட்டு ஒலிக்குமே, அந்தப் பழைய பெட்டிதான் ஜூக்பாக்ஸ். ஏற்கெனவே ஹிட்டான பாடல்களை எடுத்துக்கொண்டு, அவற்றைக் கோக்க ஒரு கதை எழுதினால் அது ஜூக்பாக்ஸ் மியூசிக்கல். 1999-ல் லண்டனில் தொடங்கிய, 'அபா' பாடல்களால் ஆன 'மம்மா மியா!' இந்த வகையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. ஆனால் அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' கதையை விண்கலத்தில் ஏற்றி, பழைய ராக் பாடல்களைச் சேர்த்து 'ரிட்டர்ன் டு த ஃபர்பிடன் பிளானெட்' என்றொரு கூத்து லண்டனைக் கலக்கியது. 'மிஸ் சைகான்' போட்டியில் இருந்தும் சிறந்த மியூசிக்கலுக்கான ஒலிவியர் விருதை அது தட்டிச் சென்றது.

'வி வில் ராக் யூ' 2002 மே 14 அன்று லண்டன் டொமினியன் தியேட்டரில் தொடங்கியது. கதை, வசனம் பென் எல்டன். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஜனங்கள் கண்டுகொள்ளவே இல்லை. 12 ஆண்டுகள், 4,600-க்கும் மேற்பட்ட காட்சிகள் ஓடி, 2014 மே 31-ல்தான் திரை விழுந்தது. 2023 கோடையில் லண்டன் கொலிசியத்தில் மறுபடி வந்தபோது எல்டனே இயக்கி, ஒரு வேடமும் போட்டார்.

கதை இதுதான். சுமார் 300 ஆண்டுகள் கழித்து, 'குளோபல்சாஃப்ட்' என்ற ஒரே நிறுவனம் பூமியை ஆள்கிறது. இசைக் கருவிகளுக்குத் தடை. எல்லோரும் கம்ப்யூட்டர் தயாரித்த ஒரே பாட்டைத்தான் கேட்க வேண்டும். கலிலியோ, ஸ்கேரமூஷ் என்று இரண்டு இளசுகள், 'பொஹீமியன்கள்' என்ற கலகக் கூட்டத்தோடு சேர்ந்து, எங்கோ ஒளிந்திருக்கும் கடைசி எலெக்ட்ரிக் கிதாரைத் தேடிப் போகிறார்கள். லாஜிக் எல்லாம் பார்க்கக் கூடாது. ஆனால் ஒன்று: சாதாரண மனிதர்கள் தங்கள் கையால் இசையைத் திரும்ப எடுத்துக்கொள்வது பற்றிய இந்தக் கதை, பெரிய தியேட்டரைவிட ஊர்க் கூடத்தில்தான் உண்மையாக இருக்கிறது.

பாட்டு எல்லோருக்கும் தெரியும், அப்புறம் என்ன கஷ்டம்?

அதுதான் கஷ்டமே. புது நாடகத்தில் ஒரு ஸ்வரம் தவறினால் இயக்குநருக்கு மட்டும் தெரியும். இங்கே கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும். கலிலியோவாக நடிப்பவர் 'ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ' பாட வாயைத் திறந்தாலே, கேட்பவர்கள் காதில் மெர்க்குரியின் குரல் ஒப்பீட்டுக்கு ஓட ஆரம்பித்துவிடும். மேல் ஸ்தாயியில் நின்று பாடக்கூடிய ஆண்கள் அமெச்சூர் சங்கங்களில் எப்போதுமே பற்றாக்குறை. 'சம்படி டு லவ்' பாடுவது ஸ்கேரமூஷ். அந்தப் பாட்டை வாரத்தில் நாலைந்து காட்சிகளுக்கு, பகல் வேலையும் பார்த்துக்கொண்டு, தொண்டை கட்டாமல் பாட வேண்டும். தொழில்முறை நாடகங்களில் இப்படிப்பட்ட வேடங்களுக்கு மாற்று ஆள் தயாராக இருப்பார். இங்கே பெரும்பாலும் இருக்க மாட்டார்.

அடுத்தது சத்தம். கில்பர்ட் - சல்லிவன் காலத்தில் மைக்கே தேவைப்படவில்லை. ராக் இசைக்கு டிரம்ஸ், பேஸ், கிதார், கீபோர்டு எல்லாம் வேண்டும். 300 பேர் உட்காரும் கூடத்தில் டிரம்ஸை நிஜமாகவே அடித்தால் பாடுபவர்களின் குரல் காணாமல் போய்விடும். அதனால் டிரம்மரைச் சுற்றிக் கண்ணாடி போன்ற தடுப்பு வைப்பார்கள், அல்லது எலெக்ட்ரானிக் டிரம்ஸுக்கு மாறுவார்கள். முக்கிய நடிகர்களுக்குக் கன்னத்தோடு ஒட்டும் வயர்லெஸ் மைக் வாடகைக்கு எடுக்க வேண்டும். அதிலும் பிரிட்டனில் 'சேனல் 70' அலைவரிசையைச் சும்மா பயன்படுத்தலாம். ஆனால் அங்கே சில மைக்குகளுக்கு மேல் வைத்தால் ஒன்றோடொன்று மோதும். 'சேனல் 38'-க்குப் போனால் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். ஒரு மியூசிக்கலின் பட்ஜெட்டில் சவுண்டு செலவு எப்போதுமே கையைக் கடிக்கும்.

வாரத்துக்கு இரண்டு மாலை என மூன்று, நான்கு மாதம் ரிகர்சல் நடக்கும். அதுவரை ஒரு பியானோதான் துணை. நிஜ பேண்டோடு சேர்ந்து பாடிப் பார்ப்பது கடைசி வாரத்தில்தான். நடிப்பு எதுவும் இல்லாமல், எல்லோரும் உட்கார்ந்தபடி முழு நாடகத்தையும் பாடிப் பார்க்கும் இந்த நாளுக்கு நாடகக்காரர்கள் வைத்திருக்கும் ஜெர்மன் பெயர் 'சிட்ஸ்ப்ரோப'. அன்றைக்குத்தான் ஓபரா பகுதி தேறுமா தேறாதா என்று தெரியும்.

பாட்டு வாங்கினால் போதாதா? தனி உரிமம் எதற்கு?

2017-ல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி-க்குப் போன வக்கீல் நோட்டீஸ் ஞாபகம் இருக்கிறதா? மேடையில் பாட யாரிடம் அனுமதி வாங்குவது என்ற பிரச்னை அது. அது கச்சேரி. கச்சேரிக்கு பிரிட்டனில் பெரிய சிக்கல் இல்லை. பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களுக்காகப் பணம் வசூலிக்கும் 'பிஆர்எஸ் ஃபார் மியூசிக்' அமைப்பின் உரிமம் அரங்கத்துக்கு இருந்தால் குயீன் பாடல்களை வரிசையாகப் பாடிவிட்டுப் போகலாம்.

அதே பாடல்களுக்கு நடுவே கதாபாத்திரம், வசனம், உடை என்று வந்துவிட்டால் விஷயமே வேறு. அது நாடக உரிமை. அதைத் தொழில் வட்டாரத்தில் 'கிராண்ட் ரைட்ஸ்' என்பார்கள். அதற்கு அந்த நாடகத்தின் உரிமத்தை வைத்திருக்கும் ஏஜென்சியிடம்தான் போக வேண்டும். வழக்கமான நிபந்தனை, டிக்கெட் வசூலில் இத்தனை சதவீதம், அல்லது குறைந்தபட்சத் தொகை, இதில் எது அதிகமோ அது. ஸ்கிரிப்டும் இசைக் குறிப்புகளும் வாடகைக்குத்தான் வரும். ஒரு வசனத்தைக்கூட வெட்டக் கூடாது. ஆண் வேடத்தைப் பெண் வேடமாக மாற்ற எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். வீடியோ எடுக்கப் பெரும்பாலும் தடை. தொழில்முறைக் குழு அந்தப் பக்கம் சுற்றுப்பயணம் வந்தால் அமெச்சூர்களுக்கு உரிமம் நிறுத்தி வைக்கப்படலாம். உரிமம் கைக்கு வருவதற்கு முன் போஸ்டர் ஒட்டினால் வம்புதான்.

எல்லா இசையும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதை எதிர்க்கும் கதைக்கு இவ்வளவு கையெழுத்து! இதில் கூடுதல் சுவாரஸ்யம், குயீனின் பாடல் உரிமைகளை சோனி மியூசிக் சுமார் 100 கோடி பவுண்டுக்கு வாங்குவதாக 2024-ல் செய்திகள் வந்தன. பென் எல்டனே இப்படி எழுதியிருக்க மாட்டார்.

நம்ம ஊரில் எப்படி? 1957-ம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52(1)(எல்) ஒரு விலக்கு தருகிறது. அமெச்சூர் கிளப்போ சங்கமோ ஒரு நாடகத்தையோ இசையையோ கட்டணம் வாங்காத பார்வையாளர்கள் முன் நிகழ்த்தினாலோ, மத நிறுவனம் ஒன்றின் பயனுக்காக நிகழ்த்தினாலோ அது மீறல் ஆகாது. டிக்கெட் விற்றால் இந்த விலக்கு உதவாது. அப்போது அமெச்சூர் என்ற பெயர் மட்டும் காப்பாற்றாது.

இவ்வளவு தொல்லை இருந்தும் ஏன்?

கணக்கைப் பார்த்தால் புரியும். கில்பர்ட் இறந்தது 1911-ல். 50 ஆண்டுக் கணக்குப்படி 1961 முடிவில் பதிப்புரிமை தீர்ந்தது. அன்றிலிருந்து அந்த ஓபராக்களை யாரும் ராயல்டி இல்லாமல் போடலாம். மைக் வேண்டாம், ராயல்டி வேண்டாம், செலவு கம்மி. பிரச்னை இருக்கைகளில். அந்தப் பாடல்களோடு வளர்ந்தவர்களுக்கு வயதாகிவிட்டது, கூட்டம் சுருங்குகிறது. குயீனுக்கு அப்படியில்லை. தாத்தா இசைத்தட்டில் கேட்டதைப் பேரன் ஸ்பாட்டிஃபையில் கேட்கிறான். டிக்கெட் விற்கும். ஆனால் அரங்க வாடகை, பேண்ட், சவுண்டு, உரிமம் எல்லாம் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட செலவு. கூட்டம் வரவில்லை என்றால் சங்கத்தின் சேமிப்பு ஒரே வாரத்தில் கரைந்துவிடும். அப்படிப் பார்த்தால் இது லாபகரமான வழி என்பதைவிடப் பெரிய பந்தயம் என்பதே சரி.

பணத்தைத் தாண்டியும் ஒரு காரணம் உண்டு. புது ஆட்கள். ஓபரா என்றால் ஆடிஷனுக்கே வராத இருபது வயதுக்காரர், பொஹீமியன் கூட்டத்தில் ஒருவராக நிற்க வருவார். ஊரில் ராக் பேண்டில் கிதார் வாசிக்கும் ஒருவர் முதன்முறையாக நாடக அரங்குக்குள் வருவார். அவர்களில் நாலு பேர் தங்கினாலே சங்கத்துக்கு அடுத்த பத்து வருடம் ஓடும்.

அமெச்சூர் என்றால் 'அரைகுறை' என்றொரு அர்த்தம் எங்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது எவ்வளவு தூரம் போகும் என்பதை 2021 காட்டியது. இங்கிலாந்தில் கொரோனா கட்டுப்பாடுகள் தளர்ந்த மே 17-க்குப் பிறகு பப்பில் உட்கார்ந்து குடிக்கலாம், தியேட்டரில் நாடகம் பார்க்கலாம், தொழில்முறைப் பாடகர்கள் கூடிப் பாடலாம். ஆனால் அமெச்சூர்கள் உள்ளரங்கில் ஆறு பேருக்கு மேல் சேர்ந்து பாடக் கூடாது என்று அரசு வழிகாட்டுதல் சொன்னது. பாடுகிறவர் சம்பளம் வாங்குகிறாரா என்பது கிருமிக்கு எப்படித் தெரியும் என்று கோரஸ் குழுக்கள் கொதித்தன. அந்த வரம்பு ஜூலை 19 வரை நீடித்தது. ரிகர்சல் இல்லாமல், வருமானம் இல்லாமல் அந்தக் காலத்தைக் கடந்து வந்த சங்கங்கள் நிரம்பிய அரங்கத்தைத் தேடுவதில் ஆச்சரியம் இல்லை.

ஃப்ரெடி மெர்க்குரியும் ஆரம்பத்தில் இப்படித்தான். ஜான்சிபாரில் பிறந்த ஃபரூக் புல்சாரா, நம் மகாராஷ்டிராவின் பஞ்சகனியில் விடுதிப் பள்ளியில் படித்தபோதுதான் 'தி ஹெக்டிக்ஸ்' என்ற மாணவர் பேண்டில் பியானோ வாசித்தார். பார்வையாளர்கள், கூடப் படித்தவர்கள்தான்.

நாடக வாரம் பெரும்பாலும் சனிக்கிழமை இரவோடு முடியும். 'ரேடியோ கா கா'வுக்கு அரங்கமே கைதட்டும், 'வி வில் ராக் யூ'வுக்குக் காலால் தரையைத் தட்டும். கடைசி வணக்கத்துக்குப் பிறகு பார்ட்டி உடனே இல்லை. அரங்கத்தை அன்று இரவே ஒப்படைக்க வேண்டும். கில்லர் குயீனாக நடித்தவர் மேக்கப்பைக்கூடக் கலைக்காமல் வயர் சுருட்டுவார், கலிலியோ செட் பலகைகளை வேனில் ஏற்றுவார். அடுத்த வாரம் வாடகை ஸ்கிரிப்டுகளை எண்ணி, பென்சில் குறிப்புகளை ரப்பரால் அழித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒன்று தொலைந்தாலும் சங்கத்துக்கு பில் வரும். அதற்கப்புறம் கமிட்டி கூடி டிக்கெட் கணக்கைப் பார்க்கும். அடுத்த வருடம் எந்த நாடகம் என்பதை அந்தத் தாளில் இருக்கும் எண்தான் முடிவு செய்யும்.