அது வெறும் வயிற்றுவலி இல்லை!

போன மாதம் எங்கள் ஊர் நூலகத்தில் ஒருநாள் சாயங்காலம் அறிவியல் பேச்சு வைத்திருந்தார்கள். சீரியல் நேரமாயிற்றே என்று தயங்கினேன். பக்கத்து வீட்டு அக்கா, "தினமும் பாக்குறதுதானே, வா" என்று இழுத்துக்கொண்டு போனார்.

முதலில் பேசியவர் நட்சத்திரங்களைப் பற்றிச் சொன்னார். பாதி புரியவில்லை. அடுத்து குடிதண்ணீர். மூன்றாவதாக ஒரு டாக்டரம்மா, பாம்புக்கடி பற்றிப் பேசினார்.

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இந்த நாலும்தான் நம் நாட்டில் அதிகம் உயிர் குடிப்பவையாம். நாலுக்கும் ஒரே மாற்று மருந்து. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார்தான் இதற்காகப் பாம்பு பிடித்து விஷம் எடுத்துத் தருகிறார்கள். இருளர் சமூகத்து வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்ததாம். எனக்கு அதுவரை தெரியாது.

பிறகுதான் அவர் கட்டுவிரியனுக்கு வந்தார். "ராத்திரியில வரும். தரையில படுத்திருக்கிறவங்களைத் தூக்கத்துலயே கடிச்சுடும். வலி தெரியாது, வீக்கம் இருக்காது, பல் தடம்கூட கண்ணுக்குத் தெரியாமப் போகலாம். விடியக்காலையில வயிறு வலிக்கும். இமை தொங்கும், நாக்குக் குழறும், அப்புறம் மூச்சு முட்டும்" என்றார்.

எனக்குக் கை கால் உதறியது. 1983-ல், ஆடி மாதம், திண்ணையில் என் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருந்த என் தங்கை, நாலு மணிக்கு எழுந்து "வயிறு வலிக்குதுக்கா" என்றாள். எட்டு வயசு. அம்மா மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தாள். முழுங்க முடியவில்லை. கண்ணைத் திறக்க மாட்டாமல் கிடந்தவளைத் தூக்கக் கலக்கம் என்று நினைத்தோம். ஒன்பது மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முதல்நாள் மீந்த மீன் குழம்பைக் கொடுத்ததால்தான் பிள்ளை போய்விட்டது என்று அம்மா அன்றைக்கு மீன் சட்டியைப் போட்டு உடைத்தவள்தான். அப்புறம் மீனே சமைத்ததில்லை.

பேச்சு முடிந்ததும் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். "பார்க்காம உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஆனா நீங்க சொல்றது எல்லாமே கட்டுவிரியன் கடிக்குப் பொருந்துது" என்றார். இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. கடித்த இடத்தை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், மருந்து இலவசம் என்றும் சொன்னார். தரையில் படுப்பவர்கள் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டாலே பாம்பு உள்ளே வராதாம்.

அன்று ராத்திரியே அம்மாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். "அப்ப குழம்பு இல்லியாடி?" என்று மட்டும் கேட்டாள்.

மீன் வாங்கி வரச் சொல்லி இன்னும் கேட்கவில்லை. ஆனால் பேரப் பிள்ளைகள் படுக்கும்போது, "வலையைச் செருகினியா?" என்று தினமும் இரண்டு தடவையாவது கேட்கிறாள்.

– ஒரு வாசகி, செங்கம்.