வாட்ஸ்ஆப் மழைக் கணக்கை நீங்களே சரிபார்க்கலாம்!

வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்துவிட்டால் போதும். "2015 டிசம்பரை விட இது மோசம்", "சென்னையில் நூறு வருஷத்தில் இல்லாத மழை" என்று குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் மெசேஜ்கள் வரிசை கட்டும். சித்தப்பா அனுப்புவார். அதையே பக்கத்து வீட்டு அக்காவும் அனுப்புவார். நம்புவதா, வேண்டாமா?

பழைய மழை அளவை நீங்களே எடுத்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதற்கு ஒரு ஸ்மார்ட்போனும் ஒரு கூகுள் கணக்கும் போதும். அந்த வழியின் பெயர் 'கிளவுட் டேட்டா வேர்ஹவுஸ்'. பெயரைக் கேட்டு பயப்படாதீங்க. இதை எழுதும் நானும் ஜர்னலிசம் படித்தவள்தான், கோடிங் படித்ததில்லை.

டேட்டா வேர்ஹவுஸ் என்றால் என்ன?

ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் ஒவ்வொரு கார்டாகப் பார்த்து பில் போடுகிறார்கள். சாதாரண டேட்டாபேஸின் வேலை அப்படிப்பட்டது. "பத்து வருஷத்தில் மாவட்டம் முழுக்க எந்த மாதம் அரிசி அதிகம் போனது?" என்று கேட்டால் கவுன்டரில் பதில் கிடைக்காது. எல்லாக் கடைகளின் பழைய கணக்கும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அந்த இடம்தான் டேட்டா வேர்ஹவுஸ், அதாவது தரவுக் கிடங்கு. அது நம் கம்ப்யூட்டரில் இல்லாமல் ஒரு நிறுவனத்தின் சர்வர்களில் இருந்து, இன்டர்நெட் வழியாக நமக்குக் கிடைத்தால் அது 'கிளவுட்'. கூகுளின் பிக்குவெரி, அமேசானின் ரெட்ஷிஃப்ட், ஸ்னோஃப்ளேக் எல்லாம் இந்த வகை.

இங்கே பிக்குவெரியை எடுத்துக்கொள்வோம். அதில் 'சாண்ட்பாக்ஸ்' என்ற இலவச வசதி இருக்கிறது. அதற்கு கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு எதுவும் தேவையில்லை.

இணைப்பது எப்படி?

போன் பிரவுசரில் கூகுள் கிளவுட் தளத்தின் பிக்குவெரி பக்கத்தைத் திறந்து, 'டெஸ்க்டாப் சைட்' என்பதை டிக் செய்யுங்கள். போனை படுக்கை வாக்கில் பிடித்தால் பார்க்க வசதி. இணைப்புக்கு மூன்று விஷயங்கள் வேண்டும்.

1. நீங்கள் யார்? உங்கள் கூகுள் கணக்கில் லாகின் செய்வது.

2. யார் கணக்கில் வேலை நடக்கிறது? 'ப்ராஜெக்ட்' ஒன்றை உருவாக்கி பெயர் வைப்பது. நீங்கள் கேட்கும் கேள்விகளின் கணக்கு இதில்தான் ஏறும்.

3. தரவு எங்கே இருக்கிறது? டேபிளின் முழு முகவரி. ப்ராஜெக்ட் பெயர், டேட்டாசெட் பெயர், டேபிள் பெயர் என்று மூன்றும் நடுவில் புள்ளி வைத்து வரும்.

பொதுத் தரவுகளின் பட்டியலில் 'ஜி.எஸ்.ஓ.டி' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். அமெரிக்காவின் நோவா அமைப்பு தொகுத்த, உலக வானிலை நிலையங்களின் தினசரிப் பதிவு அது. 1929 முதல் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு டேபிள் இருக்கிறது. சென்னை மீனம்பாக்கம் நிலையத்தின் எண் அதில் 432790.

கேள்வி கேட்பது எப்படி?

கேள்விக்கான மொழி எஸ்.க்யூ.எல். கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். அதன் அமைப்பு ரொம்ப எளிது.

'செலக்ட்': எந்தக் காலம், அதாவது எந்த காலம்ன் வேண்டும்? தேதியும், மழை அளவான 'பி.ஆர்.சி.பி'யும்.

'ஃப்ரம்': எந்த டேபிளிலிருந்து? 2015ஆம் ஆண்டு டேபிள்.

'வேர்': எந்த வரிசைகள் மட்டும்? நிலைய எண் 432790, மாதம் 12. இந்த டேபிளில் இரண்டும் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருப்பதால் ஒற்றை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும்.

'ஆர்டர் பை': எந்த வரிசையில்? தேதிப்படி.

'ரன்' அழுத்தினால் பதில் வந்துவிடும். அவ்வளவுதாங்க.

இலவசம் என்றாலும் அளவு உண்டு

மாதத்துக்கு 1 டெராபைட் அளவுக்கு தரவைப் படிக்கும் கேள்விகளும், 10 ஜிபி சேமிப்பும் இலவசம். சாண்ட்பாக்ஸில் நீங்கள் உருவாக்கும் டேபிள்கள் 60 நாளில் தானாக அழிந்துவிடும்.

முக்கியமான விஷயம், கணக்கு ஏறுவது வந்த பதிலின் அளவை வைத்து அல்ல, படித்த தரவின் அளவை வைத்து. பிக்குவெரி ஒவ்வொரு காலம்னையும் தனித்தனியாகச் சேமிக்கிறது. 'செலக்ட்' பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டால் எல்லா காலம்னையும் படிக்கும். "பத்து வரி மட்டும் காட்டு" என்று 'லிமிட்' போட்டாலும் பொதுவாக அளவு குறையாது. தேவையான காலம்ன் பெயர்களை மட்டும் எழுதுங்கள். 'ரன்' அழுத்துவதற்கு முன்பே எவ்வளவு தரவு படிக்கப்படும் என்று திரையில் காட்டும். அதைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

பதிலைப் படிப்பதில்தான் விஷயமே!

மழை அளவு இந்தத் தரவில் அங்குலத்தில் இருக்கும். 25.4 ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர். சில நாளுக்கு நேரே 99.99 என்று இருக்கும். அப்படியே பெருக்கினால் ஒரே நாளில் 254 சென்டிமீட்டர்! சென்னையின் சராசரி வருஷ மழையே சுமார் 140 சென்டிமீட்டர்தான். 99.99 என்றால் 'அளவு பதிவாகவில்லை' என்று அர்த்தம். இது தெரியாமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினால், நாமே ஒரு வதந்தியைக் கிளப்பிவிடுவோம்.

0 என்று இருந்தாலும் உடனே 'மழை இல்லை' என்று முடிவு செய்யாதீர்கள். பக்கத்தில் மழைக்கான 'ஃப்ளாக்' காலம்ன் இருக்கிறது. அதில் 'ஐ' எழுத்து இருந்தால், அந்த நிலையம் அன்று மழைத் தகவலே அனுப்பவில்லை.

நாள் கணக்கும் வேறு. நோவா கிரீன்விச் நேரத்தைப் பின்பற்றுகிறது. இந்திய வானிலை ஆய்வு மையம் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடுகிறது. அதனால் இரண்டு எண்களும் அப்படியே பொருந்தாது. எந்த இடம் என்பதும் முக்கியம். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஒரே நகரம், ஒரே நாள், எவ்வளவு வித்தியாசம் பாருங்க!

கவனம் தேவை

• பிக்குவெரி கற்றுத்தருகிறேன் என்று யாராவது ஓ.டி.பி, பாஸ்வேர்டு, கார்டு எண் கேட்டால் கொடுக்காதீர்கள்.

• ஆதார் எண், குடும்ப அட்டை விவரம், மற்றவர்களின் போன் எண் போன்றவற்றைப் பயிற்சிக்காகக்கூட பதிவேற்ற வேண்டாம்.

• புயல், வெள்ள நேரத்தில் இதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இது பழைய பதிவு. வானிலை ஆய்வு மையமும் மாவட்ட நிர்வாகமும் சொல்வதையே பின்பற்றுங்கள்.

அடுத்த முறை "நூறு வருஷத்தில் இல்லாத மழை" என்று மெசேஜ் வந்தால், ஃபார்வர்டு பண்ணும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த நிலையம்? எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? அங்குலமா, மில்லிமீட்டரா? சித்தப்பாவிடமும் அன்பாகக் கேட்டுப் பாருங்கள். பதில் இல்லை என்றால், அந்த மெசேஜ் உங்கள் போனோடு நிற்கட்டும்.