'ஒன்றுமில்லை' என்னும் சொல்

என் தமக்கையின் மகன், முப்பது வயது நிரம்பாதவன், ஒரு நாள் காலை அலுவலகத்துக்குப் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தபோது, திடீரென்று மார்பு படபடவென்று அடித்துக்கொள்ள, முதுகெல்லாம் வியர்த்து வழிய, விரல் நுனிகள் மரத்து உள்நோக்கி மடங்க, இதுவே தன் கடைசி நிமிஷம் என்று நிச்சயித்து, கண்டக்டரிடம் கெஞ்சி நடுவழியில் இறங்கிவிட்டான். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் சோதித்தார்கள், "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். வீட்டிலோ ஒருவர் வாயுத் தொல்லை என்றார். மற்றொருவர் மனப்பிரமை என்றார். மரண பயத்தை முழுமையாக அனுபவித்து வந்தவனுக்கு அந்த 'ஒன்றுமில்லை' எவ்வளவு பெரிய தனிமையைத் தந்தது என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

ஒன்றுமில்லாமல் இல்லை. பீதித் தாக்குதல் என்று வைத்தியர்கள் சொல்லும் அந்த நிலையில் சரீரத்துக்குள் நடப்பதெல்லாம் நிஜம். புலியைக் கண்டால் ஓடுவதற்காக நமக்கு வாய்த்திருக்கும் தற்காப்பு ஏற்பாடு, புலி இல்லாத இடத்தில் விழித்துக்கொள்கிறது, அட்ரினலின் சுரக்கிறது, ஹிருதயம் விரைகிறது, மூச்சு தேவைக்கு மேல் வாங்குகிறது. அப்படி வாங்கும்போது ரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைந்துவிடுவதால்தான் தலை கிறுகிறுப்பும், உதட்டைச் சுற்றி மதமதப்பும், அந்த விரல் மடங்கலும் உண்டாகின்றன. மூச்சுப் போதவில்லை என்று தவிப்பவர் உண்மையில் அதிகமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார் என்பது விசித்திரமான விஷயம். பெரும்பாலும் பத்து நிமிஷங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுப் பிறகு தானே இறங்கிவிடும். அதனால் உயிர் போவதில்லை.

இது இக்காலத்து நாகரிக வியாதியும் அன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில், இதயத்தில் கோளாறு எதுவும் தென்படாமலே மார்புத் துடிப்பால் வாடிய சிப்பாய்களைப் பரிசோதித்த டா கோஸ்டா என்ற வைத்தியர், 1871-லேயே அதைப் பற்றி விரிவாக எழுதினார். ஆயினும் அமெரிக்க மனநல வைத்தியர்களின் நோய்ப் பட்டியலில் தனிப் பெயரோடு அது இடம்பெற 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1986-இல் டேவிட் கிளார்க் என்ற ஆங்கில உளவியலாளர் அதன் சுழற்சியை விளக்கினார்: சாதாரணப் படபடப்பை மாரடைப்பு என்று மனம் அர்த்தம் செய்துகொள்கிறது, அந்த அர்த்தமே பயத்தை வளர்க்கிறது, பயம் படபடப்பை மேலும் கூட்டுகிறது.

எனக்கு மிகவும் பிரியமானவர் ஆஸ்திரேலியாவின் கிளேர் வீக்ஸ் அம்மையார். இளம் வயதில் காசநோய் என்று தவறாகக் கருதப்பட்டுச் சானடோரியத்தில் கிடந்து, ஓயாத நெஞ்சுப் படபடப்போடு வெளியே வந்த அவரிடம், போர்முனையிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர், சிப்பாய்களுக்கும் இப்படித்தான் இருந்தது, இது பயத்தின் வேலை என்று எடுத்துச் சொன்னாராம். பிற்பாடு வைத்தியரான அம்மையார் 1962-இல் எழுதிய நூலில் போதித்ததும் அந்த ஞானத்தைத்தான்: வருவதோடு மல்லுக்கு நிற்காமல், வரட்டும் என்று இடம் கொடுத்து, அலையின்மேல் மிதப்பதுபோல் அதைக் கடக்கவிடு என்பது.

ஆனால் முதல் முறை மார்பு அடைத்தால், 'பயம்தான்' என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. வயதானவர்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள், வலி கைக்கோ தாடைக்கோ பரவக் காண்பவர்கள் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தைராய்டு மிகுதியாலும் இதே படபடப்பு வரும். அவையெல்லாம் இல்லை என்று தெளிந்த பிறகே மனநல வைத்தியரிடம் போவதில் அர்த்தமுண்டு; பேச்சு வழிச் சிகிச்சையும் தேவையானால் மருந்தும் நல்ல பலன் தருகின்றன. யாரிடம் கேட்பது என்று திகைப்பவர்களுக்கு 14416 என்ற அரசாங்கத் தொலைபேசி உதவி எண் இருக்கிறது.

பக்கத்திலிருப்பவர் செய்யவேண்டியது கொஞ்சம்தான். கூட்டம் கூட்டாமல் அருகில் உட்கார்ந்து, "இது சற்று நேரத்தில் இறங்கிவிடும், நான் இங்கேயே இருக்கிறேன்" என்று சொல்லி, மூச்சை மெதுவாக வெளியே விடச் செய்தால் போதும். முகத்தில் காகிதப் பையைப் பொத்தும் பழைய வழக்கம் அபாயகரமானது.

எங்கள் பிள்ளையைப் பிடித்து வதைத்தது அந்த முதல் தாக்குதலைவிட, 'மறுபடி வந்துவிடுமோ' என்ற அச்சம். பஸ்ஸை விட்டான், பிறகு சினிமாக் கொட்டகையை விட்டான், கல்யாண வீடுகளில் வாசலோரமே உட்கார்ந்தான். சிகிச்சையின்போது ஒரு நிறுத்தம், இரண்டு நிறுத்தம் என்று மறுபடி பஸ் ஏறப் பழகினான். இப்போதும் சில நாட்களில் படபடப்பு வருகிறது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, அலுவலக நிறுத்தம் வரும்வரை இறங்காமல் உட்கார்ந்திருக்கிறான்.