ஏரிக்கோட்டையும் மூன்று ஜன்னல் வீடுகளும்

லிதுவேனியாவின் தலைநகரான வில்னியஸிலிருந்து மேற்கே 28 கிலோமீட்டர் தூரத்தில், ஏரிகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் ஒரு குறுகிய நிலப்பரப்பின்மேல், திராகாய் என்னும் சிற்றூர் அமைந்திருக்கிறது. ஜனத்தொகை 5,000-ஐ ஒட்டியது. பெரிய ஆலைகளோ உயர்ந்த மாளிகைகளோ இல்லை. ஊர் முழுவதையும் காலாற நடந்தே பார்த்துவிடலாம். ஆனால், பால்டிக் கடலோரத்திலிருந்து கருங்கடல் வரை தன் ஆணையைச் செலுத்திய லிதுவேனியப் பேரரசின் மன்னர்கள் கொலுவீற்றிருந்து அயல்நாட்டுத் தூதர்களை வரவேற்றதும், நாட்டின் ஆவணங்களைப் பெட்டகத்தில் வைத்துப் பாதுகாத்ததும் இவ்வூரில்தான் என்பதை அறிந்தபின் பார்ப்பவர்களுக்கு, இதன் ஒவ்வொரு தெருவும் சரித்திரத்தின் ஓர் அத்தியாயமாகவே தோன்றும்.

பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் லிதுவேனியாவை ஆண்ட கெதிமினாஸ் என்ற மகாபிரபு, வேட்டைக்கு வந்த இடத்தில் இந்தப் பிரதேசத்தின் எழிலில் மனம் பறிகொடுத்து இங்கே ஒரு கோட்டை கட்டினான் என்பது கர்ணபரம்பரைக் கதை. 1337-ஆம் ஆண்டுக் குறிப்பொன்றில் ஊரின் பெயர் முதன்முதலாகக் காணப்படுகிறது. ஆதிக்கோட்டை இருந்த ஸ்தலம் இன்று ‘பழைய திராகாய்’ என்ற பெயரில் சற்றுத் தள்ளித் தனிக் கிராமமாக இருக்கிறது. இப்போதுள்ள ஊருக்கு அஸ்திவாரம் இட்டவன் கெதிமினாஸின் மகனான கேஸ்துதிஸ். தமையன் அல்கிர்தாஸ் வில்னியஸிலிருந்து ராஜ்யத்தின் கீழ்த்திசை விவகாரங்களைக் கவனிக்க, தம்பி கேஸ்துதிஸ் திராகாயிலிருந்து மேற்கு எல்லையைக் காத்துவந்தான். அந்த எல்லைக் காவல் எளிய காரியமாக இருக்கவில்லை. ஐரோப்பா முழுவதும் கிறிஸ்தவ மதத்தைத் தழுவிவிட்ட பின்னரும் லிதுவேனியர் மட்டும் இடியையும் நெருப்பையும் புனிதச் சோலைகளையும் வணங்கும் தங்கள் முன்னோர் வழியைக் கைவிடாதிருந்தார்கள். அதையே காரணமாகக் காட்டி, டியூட்டானிக் சங்கத்தைச் சேர்ந்த ஜெர்மானிய வீரத்துறவிகள் சிலுவைப் போர் என்ற பெயரால் ஆண்டுதோறும் படையெடுத்து வந்துகொண்டிருந்தனர். இந்த நிர்ப்பந்தத்திலேதான் ஏரிகளையே அகழியாகக் கொண்ட திராகாய்க் கோட்டைகள் எழும்பின.

ஆம், கோட்டைகள் இரண்டு. ஏரிக்குள் துருத்திக்கொண்டிருக்கும் நிலமுனையில் ஒன்று. அதற்கு எதிரே, கால்வே ஏரியின் நடுவிலுள்ள தீவில் மற்றொன்று. நிலமுனைக் கோட்டையில் இன்று சில மதில்களும் கோபுரங்களுமே எஞ்சி நிற்கின்றன. தீவுக்கோட்டையோ செந்நிறச் செங்கல்லால் ஆன தன் கோபுரங்களை நீரில் பிரதிபலித்துக்கொண்டு பூரணமாக நிற்கிறது. கரையிலிருந்து நீண்ட மரப்பாலம் ஒன்றைக் கடந்து அதனுள் நுழைய வேண்டும். முதலில் வருவது விசாலமான வெளிக்கோட்டை. அதன் மூலைகளில் உருண்டைக் கோபுரங்கள். மறுபுறம் ஓர் உள்ளகழி. அதற்கும் அப்பால் ஆறு அடுக்குகள் கொண்ட பிரதான கோபுரமும், அதன் பின்னே குறுகலான முற்றத்தைச் சூழ்ந்து நிற்கும் அரண்மனையும். முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், அடுக்கடுக்காகச் சுவரைச் சுற்றி ஓடும் மரத் தாழ்வாரங்கள் தெரிகின்றன. ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்லும் வழி அவைதாம். மன்னரின் கொலுமண்டபம் சுமார் 21 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ளது. எதிரிகளாக இருந்த டியூட்டானிக் சங்கத்தாரிடமே சமாதான காலத்தில் ஒரு கொத்தனாரைக் கேட்டு வாங்கி, அவன் மேற்பார்வையில் இந்த மாளிகையின் ஒரு பகுதியைக் கட்டினார்கள் என்பது சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்று.

கேஸ்துதிஸ் தொடங்கிய வேலையை நிறைவேற்றியவன் அவன் மகன் வீதௌதாஸ். லிதுவேனியர் ‘மகா’ என்ற அடைமொழி சேர்த்து இன்றும் போற்றும் மன்னன் இவன்தான். தந்தையைச் சிறையில் பறிகொடுத்து, உறவினரோடு போராடி, பகைவரிடமே அடைக்கலம் புகுந்து, பின்னர் அவர்களையும் எதிர்த்து நின்று 1392-இல் ஆட்சியை அடைந்த இவன், 1410-இல் கிரன்வால்ட் போர்க்களத்தில் போலந்து மன்னனோடு சேர்ந்து டியூட்டானிக் சேனையை நிர்மூலமாக்கினான். அந்த வெற்றிக்குப் பிறகு திராகாய்க் கோட்டைக்கு எதிரி பயம் நீங்கியது. அரண் என்ற நிலை மாறி அது அரச வாசஸ்தலமாயிற்று. மகாபிரபுவாக இருந்த இவனுக்கு அரசனாக முடிசூட்ட ஏற்பாடாகி, கிரீடம் வந்துசேராமல் வழியிலேயே தடைப்பட்டிருந்த சமயத்தில், 1430-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 27-ஆம் தேதி, வீதௌதாஸ் திராகாயிலேயே காலமானான்.

இவ்வளவு பராக்கிரமங்கள் செய்த மன்னனின் காரியங்களுள் திராகாய்க்கு நிரந்தரமாக நிலைத்தது போர்க்கள வெற்றியன்று, குடியேற்றமே. 1397-ஐ ஒட்டித் தென்திசைப் புல்வெளிகளிலும் கிரிமியாவை அடுத்த பிரதேசங்களிலும் படை நடத்தித் திரும்பியபோது, தாத்தாரியர் பலரையும், அவர்களோடு கராயிம் என்னும் இனத்தாரையும் வீதௌதாஸ் அழைத்துவந்தான். கராயிம்கள் ஏறத்தாழ 380 குடும்பத்தினர் வந்தார்கள் என்பது அவர்களுடைய மரபு. அவர்களைத் தன் இரண்டு கோட்டைகளுக்கும் இடைப்பட்ட தெருவில் குடியமர்த்திக் கோட்டைக் காவலையும் அவர்களிடமே ஒப்படைத்தான். துருக்கிய பாஷையின் கிளையொன்றைப் பேசும் இவர்கள், எபிரேய வேதத்தை மட்டுமே பிரமாணமாகக் கொண்டு, யூதர் போற்றும் தால்முத் என்ற சாஸ்திரத் தொகுப்பை ஏற்காதவர்கள். வேதத்தை ஒவ்வொருவரும் தாமே ஆராய்ந்து உணர வேண்டும் என்பது இவர்கள் மதத்தின் ஆதாரக் கொள்கை. 1441-இல் கசிமிர் என்ற மகாபிரபு இவர்களுக்கு நகராட்சி உரிமையை வழங்கினான். அதன்படி தங்கள் தலைவனைத் தாங்களே தேர்ந்து, தங்கள் வழக்குகளைத் தாங்களே தீர்த்துக்கொண்டார்கள். இந்தச் சின்னஞ்சிறு சமூகத்தில் பதினாறாம் நூற்றாண்டில் தோன்றிய ஐசக் என்ற பண்டிதர் தம் மதத்தை நிலைநாட்டி எழுதிய ‘விசுவாச உறுதி’ என்னும் நூல், பின்னாளில் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, பிரெஞ்சு மேதை வால்டேர் எடுத்தாளும் அளவுக்குக் கீர்த்தி பெற்றது.

கராயிம் தெரு இன்றும் அப்பெயராலேயே வழங்குகிறது. குறுகிய முகப்பைத் தெருவுக்குக் காட்டி, மஞ்சளும் பச்சையும் பழுப்புமாக வர்ணம் பூசிய மர வீடுகள் வரிசையாக நிற்க, அவற்றின் முகப்புகளில் மும்மூன்று ஜன்னல்கள் இருப்பதைக் காணலாம். ஒன்று கடவுளுக்கு, ஒன்று விருந்தாளிக்கு, ஒன்று வீதௌதாஸ் மன்னனுக்கு என்று ஊரார் சொல்வார்கள். தங்களை அழைத்துவந்து வாழ்வளித்த மன்னன் மறைந்து அறுநூறு ஆண்டுகள் ஆகப்போகும் இந்நாளிலும், அவன் பெயரால் ஒரு ஜன்னலைக் குறிப்பிடும் நன்றியுணர்ச்சியை எப்படிப் போற்றுவதென்றே தெரியவில்லை. அதே தெருவில், கெனேசா என்று அவர்கள் அழைக்கும் பிரார்த்தனை ஆலயம் இருக்கிறது: சதுரமான சிறு கட்டடம். கீழே ஆண்களும், மேலே திரையிட்ட மாடத்தில் பெண்களும் அமர்ந்து தொழுவது மரபு. வீடுகளின் பின்புறம் ஏரிக்கரை வரை நீளும் தோட்டங்களில் விளைந்த வெள்ளரிக்காய்க்கு ஒருகாலத்தில் சுற்றுவட்டாரச் சந்தைகளில் தனி மதிப்பு உண்டு. கொத்திய ஆட்டிறைச்சியையும் வெங்காயத்தையும் மாவுக்குள் வைத்துப் பிறைவடிவில் மடித்து, விளிம்பைக் கயிறு முறுக்கினாற்போல் விரலால் பின்னி, அடுப்பில் சுட்டெடுக்கும் கிபினாய் என்ற பண்டம், பார்வைக்கு நம் சோமாசியை ஒத்திருக்கும். சூடாக இருக்கையில் உள்ளே தேங்கிய இறைச்சிச் சாறு கையில் வழிந்துவிடாமல் முதலில் முனையைக் கடித்து உறிஞ்ச வேண்டும். கிரிமியாவிலிருந்து வந்த இந்த உணவு இன்று லிதுவேனியா முழுவதற்கும் பொதுவாகிவிட்டது.

ஊரின் மையத்தில் மேட்டின்மேல் நிற்கும் தேவமாதா ஆலயமும் வீதௌதாஸ் 1409-இல் நிறுவியதே. அதிலுள்ள மாதாவின் திருவுருவப் படம் பைசாந்தியச் சக்கரவர்த்தி அம்மன்னனுக்கு அனுப்பிய காணிக்கை என்பது ஐதிகம். போப்பாண்டவரின் அனுமதியோடு 1718-இல் அப்படத்துக்கு முடிசூட்டு விழா நடந்தது. செப்டம்பர் மாதத் திருவிழாவுக்கு இன்றும் யாத்திரிகர்கள் நடந்தே வருகிறார்கள். சிறிது தூரத்தில் ருஷ்யர்களின் கிழக்கத்திய கிறிஸ்தவ ஆலயம் இருக்கிறது. லிதுவேனியர், போலந்துக்காரர், ருஷ்யர், தாத்தாரியர், கராயிம், யூதர் ஆகிய பல ஜாதியாரும் பல மதத்தாரும் ஓர் ஊருக்குள் அடுத்தடுத்து வாழ்ந்தார்கள். பூசல்கள் இல்லாமலில்லை, யூதர் குடியேற்றத்தைப் பற்றி நீண்ட வழக்குகள் நடந்ததுண்டு. ஆயினும் தலைமுறை தலைமுறையாக அவரவர் வழிபாடு அவரவர் தெருவில் நடந்துவந்தது.

கோட்டையின் க்ஷீணதசை மெள்ளத் தொடங்கியது. வாணிகப் பாதைகள் விலகிப்போயின. அரசர்கள் வில்னியஸையே விரும்பினார்கள். கொலுமண்டபம் இருந்த தீவு உயர்குலக் கைதிகளின் சிறையாயிற்று. 1655-இல் மாஸ்கோ சேனை நாட்டுக்குள் புகுந்தபோது ஊரும் கோட்டைகளும் பாழாயின. அதன்பின் நெடுங்காலம் அவற்றை எடுத்துக்கட்டுவார் எவரும் இல்லை. 1710-ஐ ஒட்டி வந்த பஞ்சமும் கொள்ளைநோயும் கராயிம் தெருவைக் கிட்டத்தட்டக் காலியாக்கின. 1795-இல் நாடே ருஷ்ய சாம்ராஜ்யத்தில் அமிழ்ந்தது. ஏரியின் எதிர்க்கரையில் திஷ்கேவிச் என்ற பிரபு குடும்பத்தார் எடுப்பித்த உஜுத்ராகிஸ் மாளிகையும், பிரெஞ்சு உத்தியானச் சிற்பி எதுவார் ஆந்த்ரே அதற்கென வகுத்த பூங்காவும் அந்தச் சாம்ராஜ்யத்தின் அந்திமக் காலத்தில் தோன்றியவை.

தீவுக்கோட்டையின் இடிபாடுகளைக் காக்கும் முயற்சி ருஷ்ய சாம்ராஜ்யத்தின் இறுதி ஆண்டுகளிலேயே தொடங்கி, இரு உலக யுத்தங்களுக்கு இடையே இவ்வூர் போலந்தின் கீழ் இருந்தபோதும் தொடர்ந்து, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, நாடு சோவியத் ஆதிக்கத்தில் இருந்தபோது, முழுமூச்சாக நடந்தது. லிதுவேனியச் சிற்பிகளும் ஆராய்ச்சியாளர்களும் பழைய அடித்தளத்தின்மேல் செங்கல் செங்கலாக அடுக்கிக் கோபுரத்தை உயர்த்திக்கொண்டிருந்த வேளையில், நிலப்பிரபுத்துவக் காலத்துப் பெருமையைப் பொதுப்பணத்தில் புதுப்பிப்பதா என்று மாஸ்கோவில் சோவியத் தலைவர் குருஷேவே கண்டனம் தெரிவித்தார். வேலை நின்றுவிடவில்லை. 1962-இல் கோட்டைக்குள் அருங்காட்சியகம் அமைந்தது. சுதந்திரமாக ஆளப்படாத ஒரு ஜனசமூகம் தன் சுதந்திர காலத்தின் அரண்மனையைத் தன் கையாலேயே மீட்டெடுத்துக்கொண்டது. முந்நூறு ஆண்டுகள் பாழ்பட்டுக் கிடந்த கட்டடத்துக்கு மறுபிறப்புக் கிடைத்தது.

கட்டடத்துக்குக் கிடைத்த மறுபிறப்பு மனிதருக்குக் கிடைக்கவில்லை. 1941 செப்டம்பர் 30-ஆம் தேதி, நாஜி ஜெர்மானியரும் அவர்களுக்குத் துணைநின்ற உள்ளூர் ஆட்களும், திராகாயையும் சுற்றுப்புறச் சிற்றூர்களையும் சேர்ந்த யூதர்களை ஊருக்கு அருகிலுள்ள வார்னிகாய்க் காட்டில் சுட்டுக்கொன்றார்கள். கொன்றவர்களின் அதிகாரியே எழுதி வைத்த அறிக்கை ஆண்கள் 366, பெண்கள் 483, குழந்தைகள் 597, ஆக 1,446 பேர் என்று ஒரே நாள் கணக்கைக் கூறுகிறது. அதே எபிரேய வேதத்தை ஓதிய கராயிம்கள் உயிர் தப்பினார்கள். இனத்தால் அவர்கள் யூதர் அல்லர் என்று 1939-இல் பெர்லின் அலுவலகம் ஒன்று எழுதிய தீர்ப்பே அதற்குக் காரணம். ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் இடையே வாழ்வையும் சாவையும் ஒரு காகிதம் பிரித்துவைத்தது என்பதைவிட, இனவெறியின் அர்த்தமற்ற குரூரத்துக்கு வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

தப்பிய கராயிம்களும் இன்று அருகிவருகிறார்கள். லிதுவேனியா முழுவதிலும் அவர்கள் தொகை 200-ஐ ஒட்டியது. அவர்களிலும் தாய்மொழியைச் சரளமாகப் பேசுவோர் முதியோர் சிலரே. இளைஞர்களுக்கு அம்மொழியைக் கற்பிக்கும் வகுப்புகள் நடக்கின்றன. அவர்களின் மதத்தலைவராக இருந்த செராயா ஷப்ஷால் ஆயுள் முழுதும் திரட்டிய பொருள்கள் கராயிம் தெருவின் காட்சிசாலையில் இருக்கின்றன. அவற்றைக் காப்பது நல்ல காரியமே. ஆனால் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு ஒரு கோபுரத்தை மூன்று நூற்றாண்டு கழித்தும் எழுப்பிவிடலாம். ஒரு பாஷையை அதைப் பேசும் வாய்கள் ஓய்ந்தபின் எழுப்புவது யாராலும் ஆகாது.

திராகாய்க்குச் செல்லும் யாத்திரிகர்களில் பெரும்பாலோர் மரப்பாலத்தைக் கடந்து, கோட்டையைப் பார்த்து, கிபினாய் தின்று, மாலை வண்டியில் வில்னியஸுக்குத் திரும்பிவிடுகிறார்கள். நம்மவர் எவரேனும் அங்கே போக நேர்ந்தால், கோட்டையோடு நின்றுவிடாமல் கராயிம் தெருவிலும் ஒருமுறை நடந்துவர வேண்டும். ஒரு மணி நேரம் ஒதுக்கி வார்னிகாய்க் காட்டிலுள்ள நினைவிடத்துக்கும் சென்று தலைவணங்க வேண்டும். அந்த மூன்று இடங்களையும் பார்த்தவரே திராகாயைப் பார்த்தவர் ஆவார்.